பப்பத்துக் காசு

2004-இல் துபாய் தேராவின் பழைய கடைத்தெருவில், கீழக்கரைக்காரர் ஒருவர் சிறிய ஜவுளிக்கடை வைத்திருந்தார். வயது அறுபதைக் கடந்திருந்தது. வியாழன் மாலைகளில் நாங்கள் நாலைந்து பேர் அங்கே போய் உட்காருவோம். எல்லோருக்கும் அவர் காக்காதான். 1963-இல் பம்பாயில் கப்பலேறி பஹ்ரைன் போனவர், பத்தாண்டுகள் மனாமாவில் கடைச் சிப்பந்தியாக இருந்துவிட்டு துபாய்க்கு வந்தவர். ஒருநாள் பேச்சு நாணயங்களின் பெயர்களைப் பற்றித் திரும்பியது. காக்கா தயக்கமே இல்லாமல் சொன்னார்:

"தினார்ங்கிறது நம்ம சொல்லு தம்பி. தினம் பாடுபட்டவனுக்குக் கொடுக்கிற கூலி. தினம், தினார். அரபி அதை நம்மகிட்டேருந்து எடுத்துக்கிட்டான்."

கேட்டவர்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளிநாட்டில் இருப்பவனுக்கு இப்படி ஒரு செய்தி கொடுக்கும் தெம்பு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கும் அது பிடித்தது. ஆனால் உண்மையா என்று பார்க்கத் தோன்றியது. தேடிப் போனபோது அந்தச் சொல் தமிழுக்கும் போகவில்லை, அரபியிலும் நிற்கவில்லை. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ரோமாபுரியின் போர்க்காலம் ஒன்றில் போய் நின்றது.

முதலில் அரபியைக் கேட்போம். ஒரு தினார் 'தீனார்'. பல தினார்கள் 'தனானீர்'. 'தீன்' என்றால் மார்க்கம் என்பதால் அந்தச் சொல்லிலிருந்து தீனார் வந்தது என்று நம்புகிறவர்களும் உண்டு. அப்படியானால் ஈகாரத்துக்குள் ஒளிந்திருக்கும் யகரம் பன்மையில் தலைகாட்டியிருக்க வேண்டும். தலைகாட்டவில்லை. அதற்குப் பதில் இரண்டு னகரங்கள் வந்து நிற்கின்றன. இதைப் பழைய அரபு அகராதியாளர்கள் கவனித்தார்கள். சொல்லின் உள்வடிவம் 'தின்னார்' என்றும், இரட்டித்த னகரத்தில் ஒன்றே ஈகாரமாக நீண்டது என்றும் விளக்கினார்கள். இது வெளியிலிருந்து வந்த சொல் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. வந்தேறிச் சொற்களைத் தொகுத்த பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் அல் ஜவாலீகியின் நூலில் தினாருக்கு இடமுண்டு. தம் வேதத்திலேயே வருகிற ஒரு சொல்லை அயற்சொல் என்று எழுதிவைக்க அவர்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை.

வந்தது எங்கிருந்து? அரபிக்கு முன் சிரியாக் மொழியில் 'தேனாரா'. அதற்கு முன் கிரேக்கத்தில் 'தேனாரியோன்'. அதற்கும் முன் லத்தீனில் 'தேனாரியுஸ்'. அங்கேதான் சொல்லின் வேர் வெளியே தெரிகிறது.

லத்தீனில் பத்துக்கு 'தெகெம்'. ஆனால் காசின் பெயர் நேராக அதிலிருந்து வரவில்லை. 'தேனி' என்ற இன்னொரு எண்ணுப்பெயரிலிருந்து வந்தது. (நம் தேனி மாவட்டத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவுகட்டுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதுவே சான்று.) ஆளுக்குப் பத்து, தடவைக்குப் பத்து என்று பங்கிட்டுச் சொல்லும்போது மட்டும் லத்தீன்காரர்கள் 'தேனி' என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்குத் தனிச்சொல் இல்லை. ஆகையால் ஆங்கிலவழி லத்தீன் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். தமிழ் படித்தவருக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டியதில்லை. நம்மிடம் ஒவ்வொன்று, இவ்விரண்டு, மும்மூன்று, நந்நான்கு, ஐயைந்து என்று ஒரு வரிசையே இருக்கிறது. ஒன்பது நீங்கலாக மற்ற எண்கள் இரட்டிக்கும்போது எப்படிப் புணரும் என்பதற்கு நன்னூலில் பவணந்தியார் விதியே வகுத்திருக்கிறார். அந்த வரிசையின் கடைசியில் நிற்பது பப்பத்து. லத்தீனின் 'தேனி'க்குச் சரியான தமிழ் அதுதான்.

இத்துடன் 'ஆரியுஸ்' என்ற விகுதி சேர்கிறது. அது நம் 'காரன்', 'உடையது' போன்ற வேலையைச் செய்யும். வெள்ளிக்கு 'அர்கெந்தும்', காசுக்கடை நடத்துகிறவர் 'அர்கெந்தாரியுஸ்'. அதே முறையில் 'தேனாரியுஸ்' என்றால் பப்பத்தைக் கொண்டது. அது பெயரடை. காசு என்ற பொருளுள்ள 'நும்முஸ்' என்ற ஆண்பால் பெயர் அதன் பின்னால் வர வேண்டும். நாளடைவில் அந்தப் பெயர் உதிர்ந்துபோய்ப் பெயரடையே பெயராக நின்றது. 'பப்பத்துக் காசு' என்பதில் காசு உதிர்ந்து பப்பத்து மட்டும் மிஞ்சியதைப் போல.

எதில் பத்து? 'அஸ்' என்ற செப்புக்காசில் பத்து. கி.மு. 211 வாக்கில், ஹானிபலுடன் நடந்த போரில் கருவூலம் காய்ந்துபோயிருந்த காலத்தில், ரோமானியர்கள் தம் நாணயங்களைப் புதிதாக ஒழுங்கு செய்தார்கள். அப்போது வெளிவந்த வெள்ளிக்காசின் மேல் பத்து என்னும் எண்குறியையே பொறித்தார்கள். பெயரும் பத்து, முகமும் பத்து, கொடுத்தால் கிடைப்பதும் பத்து.

அந்தப் பொருத்தம் நூறாண்டுகூட நிலைக்கவில்லை. செப்புக்காசு எடை குறைந்து மெலிந்துகொண்டே போனது. கி.மு. 141 வாக்கில் ஒரு தேனாரியுஸுக்குப் பதினாறு அஸ் என்று கணக்கு மாறியது. சில காலம் பதினாறு என்ற எண்ணையே காசில் பொறித்தும் பார்த்தார்கள். பிறகு பழைய பத்துக் குறியே திரும்பி வந்தது. பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. பதினாறுக்கு மாறுகிற காசை மக்கள் பத்து என்றே அழைத்துக்கொண்டிருந்தார்கள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி என்று தோன்றலாம். கூலி வாங்குகிறவனுக்கு அப்படியல்ல. கி.பி. 14-இல் பேரரசன் அகஸ்டஸ் இறந்து திபேரியஸ் பட்டத்துக்கு வந்தபோது, டான்யூப் ஆற்றுப் பக்கம் பன்னோனியாவில் இருந்த மூன்று படைப்பிரிவுகள் கிளர்ந்தெழுந்தன. தாசித்துஸ் என்ற வரலாற்றாசிரியர் அதை விரிவாக எழுதியிருக்கிறார். வீரர்களின் முதன்மையான குறை சம்பளம். எங்கள் உயிருக்கும் உடம்புக்கும் நாளொன்றுக்குப் பத்து அஸ்தான் விலையா, அதிலும் உடைக்கும் ஆயுதத்துக்கும் கூடாரத்துக்கும் பிடித்தம், அதிகாரிகள் அடிக்காமல் இருக்கக் கையூட்டு வேறு என்று பெர்கென்னியுஸ் என்ற படைவீரன் பேசினான். நாளுக்கு ஒரு தேனாரியுஸ் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 'நாளுக்குப் பத்து அஸ்' என்ற இடத்தில் தாசித்துஸ் போட்டிருக்கும் சொல், நாம் மேலே பார்த்த அதே 'தேனி'யின் வேற்றுமை வடிவம்.

கணக்கைப் பாருங்கள். பெயரளவில் பத்து அஸ்ஸும் ஒரு தேனாரியுஸும் ஒன்றுதான். ஆனால் கடைத்தெருவில் தேனாரியுஸுக்குப் பதினாறு. ஆக, அவர்கள் கையில் விழுந்தது முழுக்காசில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று அதிகம். சொல்லில் இருந்த பத்துக்கும் காசில் இருந்த பதினாறுக்கும் இடையில் விழுந்த ஆறு செப்புக்காசுக்காக அவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். கேட்டது கிடைக்கவில்லை. திபேரியஸின் மகன் துரூசுஸ் வந்தான். ஒரு சந்திர கிரகணத்தைக் கண்டு வீரர்கள் மிரண்ட வேளையைப் பயன்படுத்திக் கிளர்ச்சியை அடக்கினான். பெர்கென்னியுஸ் கொல்லப்பட்டான்.

சரி, நாளுக்கு ஒரு தேனாரியுஸ் என்பது பெரிய ஆசையா? இல்லை. மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் கூலியாட்களுக்குப் பேசுகிற நாட்கூலி அதுவே. பழைய தமிழ் விவிலியத்தில் அது 'பணம்'. பிந்தைய மொழிபெயர்ப்பில் 'தெனாரியம்'. இதைப் படித்தபோது எனக்குக் காக்காவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. தினம் என்ற சொல்லிலிருந்து தினார் வரவில்லை. ஆனால் தினக்கூலி என்ற பொருள் அதற்கு உண்மையிலேயே இருந்திருக்கிறது.

திபேரியஸின் காசுகள் பன்னோனியா வீரனின் கைக்கு வேண்டிய அளவு வராமல் போயிருக்கலாம். நம் ஊருக்கு வந்தன. கோவை, கரூர் வட்டாரங்களில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவை அகஸ்டஸ், திபேரியஸ் இருவரும் வெளியிட்டவை. முசிறித் துறைக்கு யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் சொல்கிறது. வெசூவியஸ் வெடித்த கி.பி. 79-இல் இறந்த மூத்த பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்தெர்தியுஸைக் கொண்டுபோகிறது என்று குறைபட்டார். நான்கு செஸ்தெர்தியுஸ் ஒரு தேனாரியுஸ். அதன்படி ஒன்றேகால் கோடிப் பப்பத்துக் காசுகள். அவர் கணக்கு எவ்வளவு துல்லியம் என்பது வேறு விஷயம். வாங்கினவர்கள் காசின் மேல் இருந்த பெயரையோ முகத்தையோ மதிக்கவில்லை என்பதற்கு மட்டும் கண்கூடான சான்று உண்டு. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் மன்னனின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். உலோகமே அவர்களுக்கு மதிப்பு.

நாங்கள் உட்கார்ந்திருந்த வளைகுடாக் கரையும் அந்த வழித்தடத்தில் இருந்ததுதான். அமீரகத்தின் உம்முல் குவைனில் எத்-தூர் என்ற இடத்தில் 1980-களில் ஐரோப்பியக் குழுக்கள் தொடர்ந்து அகழ்ந்தன. கி.பி. முதல் நூற்றாண்டுக் குடியிருப்பு ஒன்றும், ரோமானியக் கண்ணாடிப் பாத்திரங்களும், அலெக்சாந்தரின் காசைப் பார்த்து உள்ளூரில் அடித்த காசுகளும் வெளிப்பட்டன. அக்காலத்துக் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த செங்கடல் வழிநூல், வளைகுடாப் பக்கத்து ஓமனாத் துறையிலிருந்து முத்தும் பேரீச்சையும் குஜராத்தின் பாருகச்சத்துக்குப் போவதைச் சொல்கிறது. அந்தப் பாருகச்சத்தில் பொன்னிலும் வெள்ளியிலுமான தேனாரியுஸ்களை உள்ளூர்க் காசுக்கு மாற்றினால் லாபம் உண்டு என்றும் குறிப்பிடுகிறது. ஓமனா என்பது எத்-தூராகவே இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு.

'பொன்னிலும் வெள்ளியிலுமான' என்பதைக் கவனிக்க வேண்டும். தேனாரியுஸ் பிறப்பில் வெள்ளி. இருபத்தைந்து வெள்ளிக்காசுக்குச் சமமான பொற்காசை 'பொன் தேனாரியுஸ்' என்றும் அழைத்தார்கள். கி.பி. 64-இல் நீரோ வெள்ளியைக் குறைக்கத் தொடங்கி, அவனுக்குப் பின் வந்தவர்களும் குறைத்துக்கொண்டே போக, மூன்றாம் நூற்றாண்டில் அந்தக் காசு செப்புக்கு வெள்ளி பூசியதாக இளைத்தது. 301-இல் தியோக்ளேசியன் வெளியிட்ட விலைப்பட்டியலில் தேனாரியுஸ் வெறும் கணக்கு அலகு. மேற்கில் பெயர் இப்படித் தேய்ந்தபோது, கிழக்கில் அதே பெயர் பொன்னோடு ஒட்டிக்கொண்டு பிழைத்தது. குப்தர் கல்வெட்டுகளில் 'தீனாரம்' என்றால் பொற்காசு. சிரியாவில் பைசாந்தியப் பொற்காசுக்கும் அதே பெயர். குர்ஆனில் தினார் ஒரு முறை வருகிறது. ஹிஜ்ரி 77-இல், அதாவது 696-97-இல், கலீஃபா அப்துல் மலிக் உருவம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் பொறித்த பொற்காசை 4.25 கிராம் எடையில் வெளியிட்டார். முகம் போனது, லத்தீன் எழுத்து போனது, வெள்ளி போனது, பத்தும் போனது. பெயர் மட்டும் போகவில்லை.

அதனுடன் வேறு சில பெயர்களும் வந்து சேர்ந்தன. திர்ஹம், 'கைப்பிடி அளவு' என்று பொருள்படும் கிரேக்கத்தின் 'திராக்மா'. பாரசீகம் வழியாக வந்தது. ஃபில்ஸ், லத்தீனின் 'ஃபோல்லிஸ்'. தோல்பை, கொல்லன் துருத்தி என்று பொருள். பைக்குள் கட்டிய காசுக்கும், பிறகு செப்புக்காசுக்கும் அது பெயரானது. அதன் அரபுப் பன்மை ஃபுலூஸ். வளைகுடாவில் காலடி வைத்த எந்தத் தமிழனும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் 'ஃபுலூஸ் மாஃபி' என்ற தொடரில் ஒரு ரோமானியத் துருத்தி இருக்கிறது. காற்று மட்டும் இருக்கிற துருத்தி.

ஐரோப்பாவிலும் தேனாரியுஸ் அடியோடு செத்துவிடவில்லை. ஆங்கிலேயர் 1971 வரை பென்னியை 'டி' என்ற எழுத்தால் குறித்தார்களே, அது தேனாரியுஸின் முதலெழுத்து. 1927-இல் பிரிட்டிஷ் அரசு ரூபாயின் மதிப்பை ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று சட்டமாக்கியது. பதினெட்டு 'டி'. அந்த ரூபாய்தான் வளைகுடா முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே பிளினியின் புலம்பல் தலைகீழாகத் திரும்புகிறது. 1950-களில் இந்திய ரூபாய் நோட்டுகள் கட்டுக்கட்டாக வளைகுடாவுக்குப் போயின. அங்கே வாங்கிய தங்கம் கள்ளத்தனமாக இந்தியாவுக்குள் வந்தது. போன நோட்டுகளை ரிசர்வ் வங்கி ஸ்டெர்லிங் கொடுத்துத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. இதைத் தடுக்க 1959-இல் வளைகுடாவுக்கென்றே தனி நோட்டுகளை அச்சிட்டார்கள். மதிப்பு இந்திய ரூபாய்க்குச் சமம். நிறம் வேறு, இந்தியாவுக்குள் செல்லாது. குவைத் 1961-இல் சொந்த தினாருக்கு மாறியது. அது ஒரு பவுண்டுக்குச் சமம், பதின்மூன்றே கால் ரூபாய்க்குச் சற்றுக் கூடுதல். 1965-இல் பஹ்ரைன் மாறியது. பதினைந்து ஷில்லிங்குக்கு ஒரு தினார். ஷில்லிங் கணக்கை ரூபாயாக்கினால் வருவது சரியாகப் பத்து.

இதை நான் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை காக்காவிடம் கேட்டேன். பஹ்ரைனில் தினார் வந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

"என்ன செய்யிறது? வரிசையில நின்னு மாத்தினோம். பத்து ரூபா நோட்டு ஒண்ணு கொடுத்தா ஒரு தினார். பத்துக்கு ஒண்ணு, பத்துக்கு ஒண்ணுன்னு எண்ணி எண்ணி வாங்கினது இன்னும் கண்ணுல நிக்கிது."

பத்துக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. அது 'தேனி'யேதான், பப்பத்துதான். ரோமில் கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் தொலைந்துபோன பத்து, மனாமாவின் வங்கி வாசலில் கீழக்கரை இளைஞர் ஒருவரின் விரல் நுனியில் திரும்பி வந்திருக்கிறது. லத்தீன் இலக்கணத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் அந்த விகிதத்தை வைத்திருக்க மாட்டார்கள். அது தற்செயல். ஆனால் அந்தத் தற்செயல் இன்னொரு முறையும் நடந்தது. 1966 ஜூன் 6-இல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ஆக இருந்தது 7.50 ஆனது. எஞ்சியிருந்த வளைகுடா நாடுகளில் ஓமானைத் தவிர மற்றவை அந்த ஆண்டே ரூபாயைக் கைவிட்டன. அபுதாபி பஹ்ரைன் தினாரை எடுத்துக்கொண்டது. துபாய் கத்தாரோடு சேர்ந்து ஒரு ரியாலை வெளியிட்டது. 1973 மே 19-இல் அமீரகம் முழுவதற்கும் திர்ஹம் வந்தபோது, அபுதாபிவாசிகளுக்கு ஒரு தினாருக்குக் கிடைத்தது பத்து திர்ஹம்.

லத்தீன் கதை முழுவதையும் அன்று காக்காவிடம் சொன்னேன். தம் விளக்கம் தவறு என்று சொல்கிறேனே, வருத்தப்படுவாரோ என்று உள்ளூரப் பயம். அவர் வருத்தப்படவில்லை. பன்னோனியா வீரர்கள் வந்த இடத்தில் மட்டும் நிறுத்தச் சொன்னார்.

"பேருல பத்து இருந்துச்சு. கையில எவ்வளவு விழுந்துச்சு?"

பிடித்தம் போக எவ்வளவு என்று தாசித்துஸ் சொல்லவில்லை என்றேன். சிரித்துக்கொண்டார். பிறகு, மார்க்க அறிஞர்கள் சொல்லும் ஒரு விளக்கம் உண்டு என்று அவர் ஒன்றைச் சொன்னார். பஸ்ராவில் எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த துறவி மாலிக் இப்னு தீனார் சொன்னதாகக் குர்ஆன் விரிவுரைகளில் வருவது அது. கேரளக் கரைக்கு இஸ்லாத்தைக் கொண்டுவந்தவராக மலையாள மரபு போற்றுவதும் அதே பெயரைத்தான். தீனார் என்பதைத் 'தீன்' என்றும் 'நார்' என்றும் அவர் பிரிக்கிறார். தீன் மார்க்கம், நார் நெருப்பு. முறையாக எடுத்தவனுக்கு அது மார்க்கம், முறைகேடாக எடுத்தவனுக்கு நெருப்பு.

சொல்லிலக்கணப்படி இந்தப் பிரிப்பும் நிற்காது. 'தனானீர்' என்ற பன்மை இதையும் ஒப்புக்கொள்ளாது. காக்காவின் 'தினம்' நிற்காதது போலவேதான். சொல்லின் பிறப்பை ஒலியை வைத்துத் தீர்மானிக்க முடியாது, வந்த வழியை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். எல்லாச் சொல்லும் நம்முடையதே என்று சொல்லிக்கொள்வதால் தமிழுக்கு ஒன்றும் கூடிவிடாது. நம்மிடம் 'பப்பத்து' இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு லத்தீன் சொல்லை ஆங்கிலத்தின் துணையில்லாமல் புரிந்துகொள்ள முடிகிறது. அந்தப் பெருமை போதும்.

ஆனால் காக்காவும் அந்தத் துறவியும் கேட்ட கேள்வி சொல்லின் பிறப்பைப் பற்றியது அல்ல. அந்தக் காசு யாருடைய உழைப்புக்கு, எந்த அளவில், எந்த முறையில் கைமாறியது என்பதைப் பற்றியது. பன்னோனியா வீரர்கள் கேட்டதும் அதுவே. அதற்கு இலக்கண நூலில் பதில் இல்லை.

காக்கா பின்னர் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். போகும் முன் எனக்கு ஒரு பழைய பஹ்ரைன் நூறு ஃபில்ஸ் காசைத் தந்தார். ஒரு தினாரில் பத்தில் ஒன்று. "பத்து சேர்ந்தாத்தான் ஒண்ணு தம்பி, மறந்துடாதீங்க" என்றார்.